பெட்டி இல்லாத நிதியம்

திருமணமாகிக் கொழும்புக்கு வந்த முதல் மாதத்திலேயே கனகேஸ்வரி தம் கணவரிடம் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சம்பளச் சிட்டையில் ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருந்தது. அதற்கெதிரே விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியம் என்று அச்சிட்டிருந்தது. நிதியம் என்றால் எங்காவது ஓர் இரும்புப் பெட்டி இருக்கத்தான் வேண்டும். கழித்த காசு தங்கள் பெயரில் அதற்குள் கிடக்கத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிவபாதசுந்தரம் சிரித்தார். அப்போது அவர் கொழும்புக் கோட்டைப் பகுதியிலிருந்த அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் ஓய்வூதியக் கணக்குப் பிரிவில் இளம் இலிகிதர்.

"பெட்டி எண்டு ஒண்டும் இல்லை, கனகம். நிதியம் எண்டது பேர் மட்டும்தான். வெட்டுற காசு வரிக்காசோட சேர்ந்து ஒரே கிடங்குக்குள்ள போகும். பாலம் கட்டுறதும் அதிலயிருந்துதான், பட்டாளத்துக்குச் சப்பாத்து வாங்குறதும் அதிலயிருந்துதான், பென்சன் குடுக்கிறதும் அதிலயிருந்துதான்."

"அப்ப எங்கட காசு?"

"அது அந்த மாதமே செலவழிஞ்சிருக்கும்."

"பிறகு எனக்கு ஆர் தருவினம்?"

"அப்ப இருக்கிற அரசாங்கம் தரும். தருவம் எண்டு சொல்லியிருக்கினம்."

"சொல்லோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கனகேஸ்வரி அரிசி களையப் போனார்.

சிவபாதசுந்தரத்தின் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று இருந்தது. ஓய்வூதியம் பெறுவதற்கு எந்த அரசாங்க ஊழியருக்கும் முற்றான உரிமை கிடையாது என்பதே அது. முப்பது ஆண்டு உழைத்தவனும் கடைசியில் ஒரு சொல்லை நம்பித்தான் நிற்கிறான். அச்சொல்லை மீறுவதற்கு அரசாங்கத்துக்குக் காரணம் ஏதும் கிடைத்துவிடாமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவை இடையில் முறியலாகாது. அறிவிக்காமல் வேலைக்கு வராதவன், விதியின் மொழியில், பதவியை வெறிதாக்கியவன் ஆவான். அவனுக்கும் ஒன்றுமில்லை, அவன் விதவைக்கும் ஒன்றுமில்லை. சேவையிலிருக்கும்போது இறந்தவனின் விதவைக்கோ ஆயுள் முழுவதும் உண்டு. இந்த வேறுபாட்டைச் சிவபாதசுந்தரம் தம் மேசைக்கு முன்னால் நின்ற பெண்கள் பலருக்கு விளக்கியிருக்கிறார். சிலர் அழுதனர். ஒருத்தி மேசையிலிருந்த கண்ணாடி மைக்கூட்டை எடுத்து அவர் நெற்றியில் எறிந்தாள். இரத்தமும் மையுமாக வீட்டுக்கு வந்தவர், அவள் மீது பிழையில்லை, விதி அப்படி என்றார். அந்தத் தழும்பு இடப்புருவத்தின் மேல் கடைசிவரை இருந்தது.

சிங்களம் அரசகரும மொழியானபோது அவருடன் வேலை செய்த தமிழர் சிலர் பரீட்சை எழுத மறுத்து வெளியேறினர். அவர் வெளியேறவில்லை. தேர்ச்சி பெறாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். ஏற்றம் நின்றால் ஓய்வூதியம் குறையும். எனவே இலக்கண நூலொன்றை வாங்கி, எழுவாயும் பயனிலையும் இயையும் முறையிலிருந்து தொடங்கி, தனியாகவே அம்மொழியைப் படித்தார். எழுதும் தமிழுக்கும் பேசும் தமிழுக்கும் உள்ள தூரம் சிங்களத்திலும் உண்டு. சிவபாதசுந்தரம் எழுதும் சிங்களத்தை மட்டுமே கற்றார். பேச்சு வழக்கை அவர் பிழைகளின் தொகுதி என்றே கருதினார். காலையில் முகச்சவரம் செய்யும்போது கடித வாக்கியங்களை உரத்துச் சொல்லிப் பழகுவது அவர் வழக்கம். கடிதங்களையெல்லாம் முடித்துவைக்கும் 'ஒபட ஸ்துதிவந்த வெமி' என்ற வாக்கியத்துடனேயே சவரமும் முடியும். கனகேஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயிலின் சத்தத்தைப் போல அந்த வாக்கியமும் அவர் காதில் தங்கிவிட்டது.

பரீட்சையில் அவர் முதற்தரத்தில் தேறினார். பின்னாளில் உதவிப் பணிப்பாளராக வந்த அபேரத்ன, திணைக்களத்திலேயே பிழையில்லாமல் சிங்களம் எழுதுபவர் ஒருவர்தான், அவரும் ஒரு தமிழர் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சிவபாதசுந்தரம் அதை வீட்டில் பலமுறை சொல்லிக் காட்டினார்.

அவருடைய சிங்களத்தைப் பகடி பண்ணியவள் தட்டெழுத்தாளர் பேர்ணடெற் ஒருத்திதான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். குடும்பப் பெயர் பெர்னாண்டோ என்பதால் பேரை மட்டும் கேட்டவர்கள் சிங்களத்தி என்றே எண்ணினர். தெருக்குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை பிடித்துக் கற்ற சிங்களம் அவளுடையது.

"சேர் சிங்களம் பேசினா அரசாங்க கெசற் வாசிக்கிற மாதிரியே இருக்கு," என்பாள். "ரொட்டிக் கடையிலயும் இப்பிடித்தானா? ரெண்டு ரொட்டிகளை வழங்கி உதவுமாறு தயவுடன் வேண்டுகின்றேன்னா கேப்பீங்க?"

"பிழையாய்க் கதைக்கிறதிலும் பாக்கச் சரியாய்க் கதைக்கிறது நல்லதுதானே, பிள்ளை."

"ரொட்டி ஆறிடும் சேர்."

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலை மாதத்தில் சிவபாதசுந்தரம் பிரதம இலிகிதர். அடுத்த பங்குனியில் ஐம்பத்தைந்து வயது நிறைவுறும், ஓய்வு பெறலாம். பிள்ளைகள் இல்லை. சொந்த வீடும் இல்லை. இருவருக்கும் இனி அந்த ஓய்வூதியம் ஒன்றே.

அம்மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை முற்பகலில் அவர்களுடைய ஒழுங்கைக்குள் கும்பல் புகுந்தது. கையில் தமிழர் வீட்டு இலக்கங்கள் எழுதிய தாள் இருந்தது. ஒழுங்கை தொடங்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ரொட்டி போட்டுக்கொண்டிருந்த வேலுசாமி, ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன், இரு கைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தான் சிங்களவன்தான் என்று நல்ல பேச்சுச் சிங்களத்தில் சொன்னான். அவர்கள் பாதி நம்பினார்கள். ஒருவன் கிட்டப் போய் அவன் காதுமடலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான். சிறு வயதில் குத்திய துளை, தமிழ் ஆண்பிள்ளைக்கான அடையாளம், தெரிந்தது. அவனைக் கடைக்குள் இழுத்துச் சென்று, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த ரொட்டிக் கல்லில் முகத்தை வைத்து அழுத்தினார்கள். தங்கள் வீட்டு முன்மதிலுக்கு மறைவிலிருந்து சிவபாதசுந்தரமும் கனகேஸ்வரியும் அதைக் கண்டார்கள். கேட்டார்கள் என்பதே சரி; கனகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார், காதை மூட அவருக்குக் கை வரவில்லை. இரும்பு அலவாங்கொன்று இருமுறை இறங்கியபின் சத்தம் நின்றது.

இருவரும் பின்மதிலேறிக் குதித்து, தண்டவாளத்தைக் கடந்து, கடற்கரைப் பாறைகளுக்கிடையில் குந்தியிருந்தார்கள். தங்கள் வீடு எரிவதை அங்கிருந்தே பார்த்தார்கள். காற்று கடலிலிருந்து அடித்ததால் புகை ஊருக்குள் போயிற்று. ஒழுங்கையில் யாரோ ஒரு பெண் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் இல்லை. சீருடைக்காரர் நிறைந்த லொறியொன்று காலி வீதியிலிருந்து ஒழுங்கை வாசலுக்கு வந்து, கொஞ்சம் மெதுவாகி, பிறகு போய்விட்டது. சிவபாதசுந்தரம் இரண்டு காதுகளையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் காது குத்தேல்லை," என்றார். "சிங்களமும் வடிவாய்த் தெரியும். எனக்கு ஒண்டும் வராது."

மறுநாள் அவர்கள் பம்பலப்பிட்டிப் பாடசாலையொன்றிலிருந்த அகதி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வகுப்பறைத் தரையில் நாற்பது ஐம்பது பேர் படுத்திருந்தார்கள். பக்கத்தில் கிடந்த பையனுக்கு முதுகு முழுவதும் வெந்திருந்தது, குப்புறவே கிடந்தான். வியாழக்கிழமை மாலையில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் கூடினர். நாளை அரசாங்கக் கந்தோர்கள் திறக்கும், ஊழியர்கள் கடமைக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்தார்கள். சிவபாதசுந்தரம் எழுந்து போய்க் குழாயடியில் தம் ஒரே சட்டையைத் தோய்த்து, சன்னற் கம்பியில் காயப்போட்டார்.

கனகேஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

"விசரோ உங்களுக்கு?"

"திங்கள் தொடங்கி இண்டுவரை நான் அறிவிக்கேல்லை. நாளைக்கும் போகாட்டி வெறிதாக்கினவன் எண்டு எழுதிப் போடுவினம். எழுதின பிறகு அதை ஆராலும் அழிக்கேலாது. நானே எத்தினை பேருக்கு எழுதியிருக்கிறன்."

"உயிர் போனால்?"

"கையெழுத்து வைச்சபிறகு உயிர் போனால் உமக்கு மாதாமாதம் வரும். வைக்காமல் இஞ்ச கிடந்து செத்தால் ஒண்டும் வராது."

அவர் அதைப் பகடியாகச் சொல்லவில்லை. மேசைக்கு முன்னால் நின்ற பெண்களுக்கு விளக்கிய அதே குரலில் விளக்கினார். கனகேஸ்வரி ஈரச் சட்டையைப் பறித்து இழுத்தார். அவர் விடவில்லை. சட்டைப்பை கிழிந்து தொங்கியது. கனகேஸ்வரி அவர் மார்பில் இரு கையாலும் அறைந்தார். முப்பது ஆண்டு இல்லறத்தில் அவர் கணவரை அடித்தது அந்த ஒருமுறைதான். பக்கத்தில் கிடந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

"பெட்டி இல்லாத காசுக்கோ போறியள்?"

"பெட்டி இல்லாதபடியால்தான் போறன்," என்றார் சிவபாதசுந்தரம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் கிழிந்த பையை ஊசி குத்திச் சேர்த்துக்கொண்டு, கடற்கரை வீதியால் நடந்தே கோட்டைக்குப் போனார். வழியில் எரிந்த கார்களுக்குள் எரிந்தவை இருந்தன. அவர் உள்ளே பார்க்கவில்லை. திணைக்களத்தில் காலை எட்டரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்படும். அதற்கு மேலே கையெழுத்திட்டவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள். கீழே இட்டவர்கள் பிந்தியவர்கள். சேவைக் காலம் முழுவதும் சிவபாதசுந்தரத்தின் கையெழுத்து கோட்டுக்கு மேலேதான் இருந்தது. அன்று கீழே வைத்தார். வைத்துவிட்டுத் தம் கதிரையில் அமர்ந்து, பேனாவை மூடி, நீண்ட நேரம் அசையாமல் இருந்தார் என்று பேர்ணடெற் பின்னர் சொன்னாள். அப்பிரிவுக்கு அன்று வந்த தமிழர்கள் அவர்கள் இருவருமே. அபேரத்ன தம் அறைக்குள் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

முற்பகல் பத்தரை அளவில் தெருவில் ஒரு கூச்சல் எழுந்தது. புலிகள் புறக்கோட்டைக்குள் வந்துவிட்டார்கள், சுட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றார்கள். அது பொய். ஆயினும் ஐந்து நிமிடத்தில் கோட்டை முழுவதும் ஓடத் தொடங்கியது. கதிரைகள் கவிழ்ந்தன. மாடிப்படியில் விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு ஆட்கள் இறங்கினர். ஓடியவர்கள் பயந்து ஓடினர். சிறிது நேரத்தில் அந்தப் பயம் ஆயுதம் தேடியது. கம்பி, பொல்லு, இறைச்சிக் கத்தி, கார்களிலிருந்து உறிஞ்சிய பெற்றோல் எல்லாம் தெருவுக்கு வந்தன.

பேர்ணடெற் சிவபாதசுந்தரத்தின் கையைப் பிடித்து எழுப்பினாள். பம்பலப்பிட்டி முகாமுக்குத் திரும்பிப் போகும் வழி முழுவதும் மூடிவிட்டது. துறைமுகச் சுவரோரமாகக் கொச்சிக்கடைக்குப் போய், தேவாலயத்தைத் தாண்டிவிட்டால் கொட்டாஞ்சேனை. தன் வீட்டில் அவரை ஒளிக்கலாம் என்று எண்ணினாள். தன் பெரிய கைக்குட்டையை அவர் தாடையைச் சுற்றிக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"இனி நீங்க என் அப்பா. பல்லு வலி. யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறன். வாயைத் திறக்கவே கூடாது, சேர். கும்பிட்டுக் கேக்கிறன்."

"எனக்குச் சிங்களம் தெரியும், பிள்ளை."

"அதுதான் பயமா இருக்கு."

கொச்சிக்கடைத் தேவாலயத்தின் கோபுரம் தெரியும் சந்தியில் பதினைந்து இருபது பேர் மறித்து நின்றார்கள். தார் வீதியில் ஒரு மனிதன் எரிந்துகொண்டிருந்தான். முழங்கால் இன்னும் மடங்கி நீண்டது. கையில் வாளி வைத்திருந்த ஒருவன் கொஹெத யன்னே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். மகே தாத்தா, தத் கக்குமக் என்றாள் பேர்ணடெற். என் அப்பா, பல்வலி. சொல்லிவிட்டு, பல்வைத்தியன் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று அந்த வைத்தியனைத் தாயோடு சேர்த்து ஒரு வசவு வைதாள். குழாயடி வசவு. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவன் சிவபாதசுந்தரத்தின் காதுமடலைப் பிடித்துப் பார்த்தான். துளை இல்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அவர்கள் நடந்தார்கள். பத்துப் பதினைந்து அடி போயிருப்பார்கள். கும்பலில் நரைத்த தலையோடு நின்ற வயதானவன் ஒருவன் பின்னால் ஓடிவந்தான். மாத்தயா, ஐயா, அந்த ஒழுங்கையால் போகாதீர்கள், அங்கே குடித்துவிட்டு நிற்கிறார்கள், பெண்பிள்ளையோடு போகிறீர்கள், தேவாலயப் பக்கத்தால் போங்கள் என்றான். உண்மையான கரிசனையோடுதான் சொன்னான்.

சிவபாதசுந்தரம் நின்றார். ஒருவர் தமக்கு உதவி செய்தால் மறுமொழி சொல்லாமல் நகர்ந்த பழக்கம் அவருக்கு இல்லை. கைக்குட்டையைத் தாடையிலிருந்து கீழே இழுத்தார்.

"ஒபட ஸ்துதிவந்த வெமி," என்றார்.

உங்களுக்கு நன்றியுடையேன். ஓர் எழுத்துப் பிழையில்லை. அந்த வாக்கியத்தைச் சிங்களவர் எவரும் தெருவில் நின்று இன்னொரு சிங்களவரிடம் சொன்னதில்லை. நரைத்தவனின் முகம் முதலில் சிரிக்கப் பார்த்தது, பிறகு வெளிறிற்று. அவன் விளங்கிக்கொண்டான், வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் வந்த வாளிக்காரனும் கேட்டுவிட்டான்.

"ஆயெத் கியபன்," என்றான். திரும்பச் சொல்லு.

சிவபாதசுந்தரம் திரும்பச் சொன்னார்.

முதல் அடி வாயில் விழுந்தது. பற்கள் வீதியில் தெறித்தன. அவர் கீழே விழுவதற்குள் கம்பி முதுகில் இறங்கியது. ஏதோ சொல்லத் தலையைத் தூக்கினார். இரத்தம் மட்டும் வந்தது. கத்தி வைத்திருந்தவன் வலக் கையை மிதித்துப் பிடித்து விரல்களை வெட்டினான். காலையில் பதிவேட்டில் கையெழுத்து வைத்த கை. பேர்ணடெற் பாய்ந்தாள். நரைத்தவன் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான். அழுதால் உன்னையும் போடுவார்கள் மகளே, அழாதே, அழாதே என்று அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். சதை கிழிந்தும் அவன் எடுக்கவில்லை. வாளியிலிருந்ததை ஊற்றினார்கள். லொறி ரயரொன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கிழிந்த சட்டைப்பையில் குத்தியிருந்த ஊசி தீயில் சிவந்ததை அவள் கண்டாள். அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெதையும் பார்க்க அவளால் முடியவில்லை.

பிற்பகலில் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மாநகரசபை லொறியொன்று சந்தியிலிருந்தவற்றையெல்லாம் சவளால் அள்ளிக்கொண்டு போயிற்று.

பேர்ணடெற் முகாமுக்குப் போய்க் கனகேஸ்வரியிடம் சொன்னாள். அவர் இறந்துவிட்டார் என்பதைச் சொன்னாள். எப்படிப் பிடிபட்டார் என்று கேட்டதற்கு, யாரோ தெரிந்தவன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றாள். கனகேஸ்வரி அதற்கு மேல் கேட்கவில்லை. முகாமிலிருந்தவர்கள் கப்பலேறி வடக்கே போனபோது அவர் போகவில்லை; கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் திணைக்களத்திலிருந்து ஓர் அறிவித்தல் புறப்பட்டது. வெள்ளவத்தையில் எரிந்துபோன முகவரிக்குப் போய்த் திரும்பி வந்த அதைப் பேர்ணடெற் கந்தோரிலிருந்து கொண்டுவந்தாள். பிரதம இலிகிதர் க. சிவபாதசுந்தரம் ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் அறிவிக்காமல் கடமைக்கு வராதிருப்பதால் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறார். வெள்ளிக்கிழமைக் கையெழுத்து இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்து வராதிருக்கிறாரா, இறந்து வராதிருக்கிறாரா என்பதைக் காட்ட ஒன்றுமில்லை. உடல் இல்லை. மரண விசாரணை இல்லை. மரணச் சான்றிதழும் இல்லை. தீயில் கருகியவர் தாமாகவே வேலையை விட்டுப் போனவராகிவிட்டார்.

கண்டவள் பேர்ணடெற் ஒருத்தியே. அவள் சாட்சி சொல்ல வேண்டும். அந்த எண்ணம் வெளியே தெரிந்த வாரத்திலேயே வாளிக்காரன் அவள் வாசலுக்கு வந்தான். கிராண்ட்பாஸ் பக்கத்தவன், அவளுக்கு முகம் தெரியும், அவனுக்கும் தெரிந்திருந்தது. மிஸ் எதையோ கண்டதாகக் கேள்விப்பட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் ஒன்றும் காணவில்லை என்றாள். அன்று பின்னேரம் அவள் தம்பியைச் சந்தியில் வைத்து அடித்து, முழங்காற்சிரட்டையை உடைத்துவிட்டுப் போனார்கள்.

கனகேஸ்வரி தம் துணிகளைக் கட்டினார்.

"என்னாலை உங்களுக்கு ஏன் கரைச்சல்? நான் கப்பலிலை போறன். அந்தச் சல்லி இல்லாட்டியும் கஞ்சி குடிக்கலாம்."

"கட்டினதை அவிழுங்க, அன்ரி," என்றாள் பேர்ணடெற். "அடிச்சவன் பேரைக் கேட்டா சொல்ல மாட்டன். எனக்கும் உயிர் வேணும். சேர் செத்தாருன்னு மட்டும் சொல்லப் போறன். சேர் வேலையை விட்டுட்டு ஓடினாருன்னு எழுதி வச்சிருக்கிறதைப் பாத்துக்கிட்டு என்னால அந்தக் கந்தோர்ல தட்டெழுத்து அடிக்க ஏலாது."

அபேரத்னவின் அறைக்கு வெளியே கிடந்த நீள மர வாங்கில் கனகேஸ்வரி இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நடந்த பேச்சு முழுவதும் சிங்களம்; அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அபேரத்ன கெட்டவர் அல்லர். ஆனால் மேசையில் அதே போன்ற வேறு கோவைகளும் கிடந்தன. இறந்துவிட்டார் என்று உறவினர் சத்தியம் செய்த இருவர் இந்தியாவில் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். காதில் துளையில்லாத மனிதன், வாய் கட்டியிருந்தான், கும்பலும் போகச் சொல்லிவிட்டது என்று நீயே சொல்கிறாய். பிறகு எப்படித் தமிழன் என்று கண்டுபிடித்தார்கள்? இதை நான் எப்படி எழுதுவது?

அதைப் பேர்ணடெற் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. செத்தவர் அவமானப்படுவார் என்று எண்ணியிருந்தாள். இப்போது, கும்பலில் ஒருவன் வழி சொன்னான் என்றாள். சேர் அவனுக்கு நன்றி சொன்னார் என்றாள். சொன்ன வாக்கியத்தை, அவர் சொன்ன அதே உச்சரிப்பில், சொன்னாள்.

"ஒபட ஸ்துதிவந்த வெமி."

அபேரத்ன பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கையால் எழுதப்பட்டு அதே வாக்கியத்தில் முடிந்த எத்தனையோ கடிதங்களில் அவர் ஒப்பமிட்டிருந்தார். அப்படி ஒன்றை எவராலும் இட்டுக்கட்ட முடியாது. அந்த நகரத்தில் ஒரே ஒரு மனிதன்தான் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருப்பான். சன்னற்பக்கம் திரும்பிக்கொண்டு, ஆண்டவனே, கடைசியிலும் பிழையில்லாமல் என்றார். பின்னர் அறிவித்தலின் மேல் குறுக்கே கோடிழுத்து, சேவையிலிருக்கும்போது இறந்தவர் எனத் தாம் திருப்தியடைவதாகத் தம் கையாலேயே எழுதினார்.

வெளியே கனகேஸ்வரி வாங்கிலிருந்து எழுந்து நின்றிருந்தார். என்ன அன்ரி என்று பேர்ணடெற் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கால் விறைத்துவிட்டது என்றார்.

ஓய்வூதியம் வந்தது. போர் வளர வளர அதுவும் வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை யாழ்ப்பாணத்தில் கனகேஸ்வரியின் தமையனார் வீட்டின்மேல் அரசாங்க விமானம் குண்டு போட்டது. தமையனாரையும் மனைவியையும் ஒரே கோணிச்சாக்கில் கட்டி எரித்ததாகச் செய்தி வந்தது. அதே வாரத்தில் ஓய்வூதியமும் வந்திருந்தது. கனகேஸ்வரி அம்மாதம் அதை எடுக்கப் போகவில்லை. அடுத்த மாதம் போனார். குண்டுக்கும் பென்சனுக்கும் கிடங்கு ஒன்றுதானே, இவர் முதலிலேயே சொன்னவர் என்று பேர்ணடெற்றிடம் சொன்னார்.

ஆண்டுதோறும் தை மாதத்தில், ஓய்வூதியம் பெறுபவர் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்தி அனுப்புமாறு ஒரு கடிதம் வரும். சிங்களத்தில் வரும். பேர்ணடெற் அதை வாசித்துத் தமிழில் சொல்லுவாள். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அவ்வளவுதான் அன்ரி என்று மடித்துவிடுவாள். கனகேஸ்வரி கையெழுத்து வைப்பார். பன்னிரண்டு தை மாதம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதத்தின் கடைசி நாளில் கோட்டையில் வெடிமருந்து ஏற்றிய லொறியொன்று வெடித்தது. இம்முறை புலிகள் உண்மையாகவே வந்திருந்தார்கள். தெரு முழுவதும் கண்ணாடி மழையாக விழுந்தது. சன்னலோரம் தட்டெழுத்து அடித்துக்கொண்டிருந்த பேர்ணடெற்றின் இரு கண்களிலும் அது புகுந்தது. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றதைக் கட்டியிருந்தார்கள், பார்வை வருமா என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. ஆசுப்பத்திரி விறாந்தைகளில் இரத்தம் கழுவும் தண்ணீர் நிற்காமல் ஓடியது.

கனகேஸ்வரி கட்டிலருகே வந்து அமர்ந்தார். மடியில் அந்த ஆண்டுக் கடிதம் இருந்தது. பேர்ணடெற் தாள் சரசரக்கும் சத்தத்தைக் கேட்டாள்.

"தைக் கடிதமா? இந்த வருசம் வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க, அன்ரி."

"வாசிக்கத் தேவையில்லை, பிள்ளை. எனக்குத் தெரியும். கடைசி வரி மட்டும் நீர் ஒரு நாளும் வாசிக்கிறேல்லை." சிங்களம் ஒரு சொல்லும் அறியாத கனகேஸ்வரி, முகச்சவரம் முடியும் நேரத்துக் குரலின் அதே ஏற்ற இறக்கத்தில், சொன்னார்: "ஒபட ஸ்துதிவந்த வெமி."

பேர்ணடெற்றின் கை போர்வையைப் பற்றியது.

"அண்டைக்குக் கந்தோரிலை, கதவடியிலை இருந்து கேட்டனான்," என்றார் கனகேஸ்வரி. "நீர் சொன்னீர். உடனே அந்தப் பெரியவர் பேனையை வைச்சார். அப்பவே எனக்கு விளங்கிப் போச்சு, இவர் வாயைத் திறந்திட்டார் எண்டு. ஆனால் கருத்து எனக்குத் தெரியாது. ஆரையும் கேக்கவும் பயமாய்க் கிடந்தது. என்ன கருத்து அது?"

"நன்றின்னு அர்த்தம், அன்ரி. நன்றி சொல்லி முடிக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

கனகேஸ்வரி கடிதத்தை விரித்துப் பார்த்தார். கடைசி வரியில் சில வட்ட எழுத்துகள் இருந்தன.

"இதுக்கோ," என்றார்.

பிறகு பேனாவை எடுத்து, உயிருடன் இருக்கிறேன் என்பதற்குரிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.